ஏஜென்ட் என்ற கட்டம்

என்னிடம் அமெரிக்க விமானி உரிமம் ஒன்று இருக்கிறது. ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம் ஓட்டலாம். டெக்சாஸில் வேலை பார்த்த காலத்தில் சனி ஞாயிறு பாராமல் பாடுபட்டு வாங்கியது. பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. சரி, ஆறு மாதம் பார்த்துக்கொள்வோம் என்று திருப்பூர் அனுப்பர்பாளையத்துக்கு வந்து எங்கள் பனியன் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்த உரிமத்துக்குக் காலாவதியே கிடையாது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பறக்கவும் முடியாது. அவர்கள் ஒப்புக்கொண்ட மருத்துவரிடம் உடம்பைக் காட்டிச் சான்று வாங்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய பயிற்றுநர் பக்கத்தில் உட்கார, பறந்து காட்ட வேண்டும். யாரையாவது ஏற்றிச் செல்வதென்றால் தொண்ணூறு நாளுக்குள் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அவர்கள் பாஷையில் நான் ‘கரண்ட்’, அதாவது நடப்பில் இருக்கும் விமானி. இல்லையென்றால் உரிமம் உண்டு, ஆனால் இல்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கே தலை சுற்றும்.

ஒருமுறை அப்பாவுக்கு இதை விளக்கப் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அதுக்கெதுக்கு கண்ணு கரண்ட்டு? பெட்ரோல்ல தானே ஓடுது?” என்றார். அன்றிலிருந்து நான் அமெரிக்கா போய்ப் பறந்து காட்டிவிட்டு வந்தால், “கரண்ட் வந்துருச்சா?” என்றுதான் கேட்பார். மூன்று வருடமாக நான் போகவில்லை. அவரும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் புது விதி வந்தது. அமெரிக்காவில் முகவரி இல்லாத விமானிகள் அங்கே இருக்கும் ஒருவரை ஏஜென்ட்டாகக் காட்ட வேண்டும். அரசாங்கக் கடிதம் வந்தால் வாங்கி வைக்க ஓர் ஆள். காட்டாவிட்டால் உரிமத்தைப் பயன்படுத்தவே கூடாது. மூன்று வருடம் தொடாத பொருள்தான். இருந்தாலும் யாரோ பிடுங்க வருவதுபோல் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விண்ணப்பப் பாரத்தில் ஏஜென்ட் என்ற கட்டத்தைப் பார்த்ததும் கை தானாக ஓடியது. திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஆர்டர் பிடித்துத் தரும் ஆள். நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் ஏஜென்ட்டின் பெயரைப் போட்டேன். அவருடைய சம்மதமும் வேண்டும் என்றிருந்ததால், பாரத்தை இணைத்து அவருக்கு ஒரு மெயிலும் தட்டிவிட்டேன்.

“எந்த ஸ்டைல்? எத்தனை பீஸ்?” என்று பதில் வந்தது. தப்பு அப்போதுதான் உறைத்தது. விளக்கி எழுதுவதற்குள் மனிதர் பாரத்தைப் படித்து, பயந்து, நேராக அப்பாவுக்கே போன் போட்டுவிட்டார். உங்கள் பெண் பைலட் வேலைக்குப் போகிறாரா, அடுத்த சீசன் ஆர்டரை யார் பார்ப்பது என்று கேட்டாராம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மத்தியானத்துக்குள், தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிள்வரை சேதி போய்விட்டது. “அக்கா, பிளேன் ஓட்டப் போறியளாமே?” என்று தூத்துக்குடிக்காரப் பெண்ணொருத்தி சிரித்தாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

சாயங்காலம் அப்பா என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“ஏங்கண்ணு, போறதுன்னா மொதல்லயே சொல்லிப்போடு. நான் புது ஆர்டர் எடுக்காம இருந்துக்கறேன்.”

“அதெல்லாம் இல்லீங்கப்பா. சும்மா ஒரு பாரம்.”

“சும்மாவா? மத்தியானம் சோறுகூட உங்காம உக்காந்திருந்தியாமா.”

போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியாததால் நின்றுவிட்டது. போக ஆசையா, போகலாம் என்றிருக்க ஆசையா? இன்றுவரை குழப்பம்தான்.

பேச்சை மாற்ற, அவர் எதிரிலேயே கம்ப்யூட்டரைத் திருப்பினேன். டெக்சாஸில் என்னோடு பறக்கக் கற்ற தோழியிடம் மத்தியானமே கேட்டிருந்தேன்; அவள் சம்மதம் சொல்லி எழுதியிருந்தாள். எங்கள் ஏஜென்ட்டின் பெயரை அழித்துவிட்டு அவள் பெயரையும் முகவரியையும் போட்டு அனுப்பினேன்.

“ஆச்சா?” என்றார்.

“ஆச்சுங்கப்பா.”

“அப்ப கரண்ட் வந்துருச்சா?”

மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்கிறார். “இன்னும் இல்லீங்கப்பா. டாக்டரு சர்டிபிகேட் வாங்கோணும். அப்பறம் அங்க போய் ஓட்டிக் காட்டோணும்.”

“அப்ப இன்னும் நாளிருக்குது” என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.