அந்த ஒரு ஓட்டுக்கு மட்டும் அவர் இல்லை

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் எம்.பி., முள்ளெலிகள் சாலையைக் கடக்கப் படும் சிரமத்தைப் பற்றி அமைச்சரிடம் கேள்வி கேட்டிருக்கிறார் என்பது கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். பல் டாக்டர்கள் போதவில்லை என்று அவர் பேசியது, பஸ் நிலையத்துக் கூரை ஒழுகுவதை எழுதிக் கேட்டது, எந்தத் தீர்மானத்துக்கு ஆம் என்றார், எதற்கு இல்லை என்றார், எல்லாம் எனக்குத் தெரியும். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. எனக்கு வேலை யார்டில், சரக்கு வண்டிகள் எப்போது வந்தன எப்போது போயின என்று பார்க்கும் அலுவலகத்தில்.

என் மனைவி அந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஹவுராவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். மூன்று பேருமாகப் போவதாகத்தான் முதலில் பேச்சு. அவளுடைய காகிதங்கள் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தபோதே விதியை மாற்றிவிட்டார்கள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறவர்கள் இனிமேல் கணவனையோ பிள்ளையையோ கூட்டிவரக் கூடாது. இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், சீக்கிரம் தளர்த்திவிடுவார்கள் என்றார் ஏஜென்ட். நம்பினோம். அவள் மட்டும் விமானம் ஏறினாள். நானும் எட்டு வயது மகளும் இங்கே இருக்கிறோம்.

தினமும் வீடியோவில் பேசுவோம். எங்கள் குவார்ட்டர்ஸில் நெட்வொர்க் ஒரு தினுசானது. பாதிப் பேச்சில் படம் அப்படியே உறைந்துவிடும். என் மகள் இதை வசதியாக்கிக்கொண்டாள். கணக்கு டெஸ்டில் எவ்வளவு என்று அம்மா கேட்டால் வாயை லேசாகத் திறந்தபடி கண் கொட்டாமல் உட்கார்ந்துவிடுவாள். நெட் போய்விட்டது என்று நினைத்து அவள் அம்மா 'ஹலோ, ஹலோ' என்பாள். நான் ஓரமாக நின்று சிரிப்பேன்.

அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து சில மாதங்களில் அவளுக்கு வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் சட்டப்படி அங்கே வசித்தால் ஓட்டுப் போடலாமாம். எனக்குத் தலை சுற்றியது. எந்த ராஜ்யம் என் பெண்டாட்டிக்கு ஓட்டு உண்டு, ஆனால் புருஷனும் குழந்தையும் கூடாது என்கிறது? எது எப்படியோ, அவள் இப்போது ஒரு எம்.பி.யின் வாக்காளர். அந்த ஆள் யார், என்ன செய்கிறார் என்று பார்ப்போமே என்று போனில் தேட ஆரம்பித்தேன்.

தேடினால் ஒரு பக்கம் விரிந்தது. விரிந்துகொண்டே போனது. மனிதர் மன்றத்தில் பேசிய பேச்சு, எழுத்தில் கேட்ட கேள்வி, போட்ட ஓட்டு, ஒன்று விடாமல் இருந்தது. நம்மூர் எம்.பி. எதற்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று நான் ஒருநாளும் தேடியதில்லை. தேடினாலும் இங்கே பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பு. அந்தச் சத்தத்தில் யார் குரல் எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அங்கே அப்படி இல்லை. ஆம் என்பவர்கள் ஒரு வாசல் வழியாகவும் இல்லை என்பவர்கள் இன்னொரு வாசல் வழியாகவும் நடந்துபோக வேண்டுமாம். நடந்த பெயர்கள் எல்லாம் பதிவாகிவிடும். யார்டுக்காரனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா?

குடும்பத்தைக் கூட்டிவரும் விதி பற்றி ஒரு ஓட்டெடுப்பு நடந்திருந்தது. எங்கள் எம்.பி.யின் பெயருக்கு நேரே 'இல்லை' என்று இருந்தது. விதியை எதிர்த்திருக்கிறார்! நம்ம ஆள்! அன்றைக்கே யார்டுக்கு வெளியே உள்ள கடையில் ரசகுல்லா வாங்கிக்கொண்டு கீழ் வீட்டு தாதாவிடம் போனேன். வங்காளிகள் அண்ணனைத் தாதா என்பார்கள்; இவர் ரயில்வே யூனியனில் பழம் தின்று கொட்டை போட்ட வங்காளி. ரசகுல்லாவை வாயில் போட்டுக்கொண்டே போனை வாங்கிப் படித்தார். மெதுவாக விழுங்கினார். ஓட்டுக்கு வந்தது விதி அல்ல, விதியை நீக்கும் திருத்தம் என்றார். அதற்கு இல்லை என்றால், விதி இருக்கட்டும் என்று அர்த்தம். நான் வாங்கிக் கொடுத்த ரசகுல்லாவிலேயே இரண்டாவதை எடுத்துக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

முள்ளெலி குடும்பத்தோடு சாலையைக் கடக்க வேண்டும் என்று உருகுகிற மனிதர் இவர்! தாதா என்னைச் சமாதானப்படுத்தினார். அவர் கட்சி சொன்ன பக்கம் நடந்திருப்பார், நம் நாட்டில் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போய்விடும், பாவம் அவர் என்ன செய்வார் என்றார். மேலும் படித்ததில் அங்கே பதவி போகாது என்று தெரிந்தது. கட்சியை மீறி ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாளும் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் நம்மவரை எது தடுத்தது? எனக்குப் புரியவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அந்த மனிதர் அவளுடைய இல்லத்துக்கு வந்திருக்கிறாராம். ஒரு கிழவருக்குக் கேக் ஊட்டிவிட்டு, இவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாராம். நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஊர் என்ன ஆகும் என்று கேட்டாராம். நான் கத்தினேன். நேரில் போய்க் கேள், உன் எம்.பி.தானே, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேள் என்றேன். ஆம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்ல ஒரு மனிதனுக்கு என்ன கேடு?

அவர் சில சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து மக்களைப் பார்ப்பாராம். என் மனைவி போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து வீட்டுக்காரரின் மரம் பற்றிப் புகார் சொல்ல வந்தவர். இவள் முறை வந்ததும் மகளின் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். வாங்கிப் பார்த்து, வயது கேட்டு, தனக்கும் அதே வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்றாராம். அப்புறம் நான் சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

"எந்த ஓட்டுன்னு சட்டுனு ஞாபகம் வரலைன்னு சொன்னாருங்க" என்றாள். "அன்னிக்கு வரிசையா நிறைய ஓட்டாம். ஓட்டுப் போட வரச்சொல்லி மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம். கட்சி சொன்ன பக்கம் போயிருப்பேன்னாரு. சொல்லும்போது மூஞ்சி சிவந்துடுச்சு."

எங்களைப் பிடிக்காமல் அவர் அப்படிச் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் வீட்டை இரண்டாக வைத்திருக்கிற ஒரு நடை, நடந்த மனிதருக்கே நினைவில்லை. அவர் பொய் சொல்லவில்லையே, அதுவே பெரிசு என்றாள் மனைவி. ஒரு மனிதனை நான் வெறுக்க வேண்டுமா மதிக்க வேண்டுமா என்று தெரியாமல் அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் எரிந்து விழுந்தேன்.

பிறகு ஒருநாள் டீக்கடையில் நின்றுகொண்டு வழக்கம்போல் அந்தப் பக்கத்தைத் திறந்தால், புதிதாக ஒரு கேள்வி. பிள்ளைகளைச் சொந்த நாட்டில் விட்டுவிட்டு இங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் எத்தனை பேர் என்று எங்கள் எம்.பி. அமைச்சரைக் கேட்டிருந்தார். டீ கையில் ஆறிப்போனது. அது என் மகளைப் பற்றிய கேள்வி. பெயர் இல்லை, ஆனால் அவள்தான். பதிலும் கீழேயே இருந்தது. அப்படிப்பட்ட கணக்கு அரசிடம் இல்லையாம். சரி, கேட்டாரே! தாதாவிடம் காட்டினேன். அவரும் ஆச்சரியப்பட்டார். இந்த முறை ரசகுல்லா வாங்கவில்லை.

அதே திருத்தம் வேறு உருவத்தில் மறுபடி ஓட்டுக்கு வந்தது. ஜெயிக்காது என்று எல்லோரும் எழுதினார்கள். எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர் என்ன செய்வார் என்று நானும் தாதாவும் டெஸ்ட் மாட்ச் போலப் பேசித் தீர்த்தோம். எம்.பி. இப்போது மாறிவிட்டார், கட்டாயம் ஆம் என்று நடப்பார் என்பது என் கட்சி. முடிவு வந்தது. திருத்தம் தோற்றது. எங்கள் ஆளின் பெயரை 'ஆம்' பக்கத்தில் தேடினேன். இல்லை. 'இல்லை' பக்கத்தில் தேடினேன். அங்கேயும் இல்லை. அவருடைய பக்கத்துக்குப் போனால் 'வாக்களிக்கவில்லை' என்று மட்டும் இருந்தது.

உடம்பு சரியில்லையோ? ஊருக்குப் போய்விட்டாரோ? அதற்கு முந்தைய ஓட்டைப் பார்த்தேன். இருந்தார். அடுத்த ஓட்டைப் பார்த்தேன். அதிலும் இருந்தார். எங்கள் ஓட்டுக்கு மட்டும் இல்லை. ஒரு வண்டி முந்தின ஸ்டேஷனைத் தாண்டியிருக்கிறது, அடுத்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறது, நடுவில் உள்ள ஸ்டேஷன்காரர் மட்டும் பார்க்கவே இல்லை என்கிறார். எங்கள் யார்டில் ஒரு வண்டி தாமதமானால் காரணம் எழுதாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எஞ்சின் கோளாறு, மாடு குறுக்கே வந்தது, ஏதாவது ஒன்று. இவ்வளவு பதிவு செய்கிற நாட்டில் மனிதர் எங்கே போனார் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

தாதா மூன்று விதமாகச் சொன்னார். கட்சியை எதிர்க்கத் தைரியம் இல்லாமல், நம்மை எதிர்க்க மனமும் இல்லாமல், வெளியே போய் நின்றிருப்பார் என்றார். இல்லாவிட்டால் கட்சியே பேசாமல் இரு என்று சொல்லியிருக்கும் என்றார். அதுவும் இல்லாவிட்டால் பாத்ரூம் போயிருப்பார் என்றார். நான் மன்றத்தின் வீடியோவைக்கூடப் போட்டுப் பார்த்தேன். பச்சை பெஞ்சுகளில் அவருடைய வழுக்கைத் தலையைத் தேடினேன். எல்லாத் தலையும் ஒரே மாதிரி இருந்தது. கோழை என்று திட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து நல்ல மனுஷன் என்று தோன்றியது. மறுபடி திட்டினேன்.

இதை மனைவியிடம் சொல்லத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காத்திருந்தேன். மகள் டிராயிங் கிளாஸுக்குப் போயிருந்தாள். வெயில், நல்ல புழுக்கம். அங்கே அப்போதுதான் காலை. அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள். நான் நினைத்த மாதிரி அவருக்குப் பரிந்து பேசவில்லை. அவரை விடுங்கள் என்றாள்.

அவளுடைய இல்லத்தில் வேலையை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டித்துத் தருகிறார்களாம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் வழி ஒருநாள் திறக்கலாம், அப்போது மகளையும் அழைத்துக்கொள்ளலாம், திறக்காமலும் போகலாம். போடாவிட்டால் துர்கா பூஜைக்குள் ஊருக்கு வந்துவிடுவாள், பழைய ஆஸ்பத்திரியில் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவு நாள் பட்டதெல்லாம் அதோடு முடிந்தது.

"பாப்பா நேத்து என்கிட்ட பெங்காலியிலேயே பேசினா. தமிழ்ல சொல்லுடின்னா யோசிக்கிறா" என்றாள். "எனக்கு ஒண்ணும் புரியலைங்க. ரெண்டு பக்கமும் சரியாத்தான் இருக்கு, ரெண்டு பக்கமும் தப்பாத்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க. வந்துடவா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு."

வந்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகளின் முகம் வந்தது. சொன்னால், பிற்பாடு எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று அவள் ஒருநாள் நினைத்தால், நான் சொன்னதால்தானே என்று வரும். இரு என்று சொன்னால் இந்த வீட்டுக்கு இன்னும் மூன்று வருஷம் அம்மா கிடையாது. என் மகள் பதினொரு வயதில் எப்படி இருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. பயமாக இருந்தது. அவ்வளவு பயம் எனக்கு எதற்கும் வந்ததில்லை.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. கண்ணைக் கொட்டவில்லை.

அவள் 'ஹலோ' என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"பின்னாடி ஃபேன் சுத்துதுங்க" என்றாள்.