இடது பக்கம் மூச்சு விட்ட கார்

மலையில் கார் பழுது பார்க்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்ஜின் புகையும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து வைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று பார்க்க, கீழே ஈப்போவில் சொல்லிக்கொடுத்த இரண்டு அடையாளங்களை இங்கே நம்பாதீர்கள். சைலன்சரில் வெள்ளைப் புகையா? எங்கள் பிரிஞ்சாங் மலைக் குளிரில் காலையில் எல்லா வண்டியும்தான் வெள்ளைப் புகை விடும். ஆயில் மூடிக்கு அடியில் பாலாடை மாதிரி படிந்திருக்கிறதா? தோட்டத்து லயத்துக்கும் டவுனுக்கும் மட்டும் ஓடுகிற எந்த வண்டியைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

ஸ்டெல்லா அக்கா தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருப்பவர். அவர் கணவர் தோட்டத்து பேக்டரியில் மெஷின் பிட்டர். நுரையீரல் கெட்டு, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தங்கள் காரின் இடது சீட்டிலேயே இறந்துபோனார். முப்பது வயதுக் கார். மூன்று மாதம் கழித்து அக்கா அதை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

"தம்பி, புகை ரொம்ப வருது. தண்ணியும் குறையுது. அப்புறம்..." தயங்கினார். "இடது பக்கம் மூச்சு விடுது."

"என்னக்கா மூச்சு?"

"ஆப் பண்ணதும் வரும். அவரு கடைசியா விட்ட மாதிரியே இருக்கு."

பாவம், துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். அடியில் குனிந்து பார்த்தேன். எங்கும் ஒழுகவில்லை.

"இந்தக் குளிருக்கு எல்லாக் காடியும் புகை விடும் லா அக்கா. தண்ணி ஊத்திக்கிட்டு ஓட்டுங்க. ஒருநாள் சர்ச் பாதரப் பாத்துப் பேசுங்க" என்று அனுப்பிவிட்டேன். எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவின் மகள் ரீத்தா அப்போது நிறைமாதம். மறுவாரம் அக்கா அவளை ஈப்போவில் செக்கப்புக்குக் காட்டிவிட்டுத் திரும்பி ஏறும்போது, கோலா தெர்லா தாண்டி, சூடு ஏறி கார் நின்றுவிட்டது. நடுப்பகல்தான். ஆனால் மூட்டத்தில் பத்தடி தெரியவில்லை. காய்கறி லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப்போகின்றன. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்தபடி ரோட்டோரம் நின்றிருந்தாள். போய் இழுத்து வந்தேன். அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பட்டறையில் சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றினேன். "ஏறி உக்காரு தம்பி. நீயே கேளு" என்றார் அக்கா.

இடது சீட் முழுக்கப் பின்னால் தள்ளியிருந்தது. கணவர் போனபின் அதை யாரும் நகர்த்தவில்லை போல. அக்கா கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு ஆப் செய்தார். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஈரமாக ஒரு மூச்சு இழுத்தது. களகளத்து நின்றது. மறுபடி மறுபடி இழுத்து அடங்கியது. முப்பது வருஷமாக இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவன் நான், இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"எண்ணுனியா? நாலு" என்றார் அக்கா. "அன்னைக்கு அவருக்கும் நாலுதான்."

மறுநாள் காலை, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். குமிழிகள் நிற்காமல் வந்தன. நீலத் தண்ணீர் ஊற்றிய டெஸ்டரை ரேடியேட்டர் வாயில் வைத்தேன். இன்ஜின் புகை பட்டு நீலம் மஞ்சளாக மாறியது. கேஸ்கெட் போன இடத்தில் இன்ஜின் புகை தண்ணீருக்குள் புகுந்து, ஹீட்டர் குழாயில் காற்றாக அடைத்து, ஆப் செய்ததும் களகளக்கிறது. அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

"ரிப்பேர் பண்ணா அந்தச் சத்தம் நின்னுடுமா?"

"நின்னுடும்கா."

அக்கா இடது சீட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். "இப்படியே ஓட்ட முடியாதா?"

"ரீத்தாவ ஏத்திக்கிட்டு முடியாதுக்கா. அடுத்த தடவ இன்ஜினே போயிடும்."

"அப்ப நிப்பாட்டிடு" என்றார்.

இன்ஜின் ஹெட்டைக் கழற்றி, ஈப்போவுக்கு அனுப்பி மட்டம் செய்து, புதுக் கேஸ்கெட் போட்டேன். குமிழி இல்லை. நீலம் நீலமாகவே இருந்தது. ஆப் செய்தேன், சத்தமே இல்லை.

கார் எடுக்க வந்த அக்கா டிரைவர் பக்கம் போகவில்லை. இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்குகிற ஓர் ஆள் மெல்ல இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பிடித்திருந்தார். நம்மவர்கள் யாரையும் வெறுமனே 'போங்க' என்று அனுப்புவதில்லை, 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வோம்.

"போங்க" என்றார் அக்கா. "இனி வர வேணாம். புள்ளய நான் பாத்துக்கிறேன்."

அப்போது காரின் இடது பக்கம், ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி ஒரு விரற்கடை எழும்பியது. நான் பார்த்தேன். அந்த வண்டியின் வேலைக் கார்டில் 'இடது ஷாக் அப்சார்பர் பார்க்கவும்' என்று எழுதிக்கொண்டேன்.

ரீத்தாவுக்குப் பிள்ளை பிறந்தபிறகு கார் சர்வீசுக்கு வந்தது. இரண்டு பக்கத்து அப்சார்பரையும் கழற்றிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தன.

எனவே தம்பிகளே, மூச்சு விடுகிறது என்று யாராவது வந்து சொன்னால் சிரிக்காதீர்கள். முதலில் ஏறி உட்கார்ந்து கேளுங்கள். காரணம் அநேகமாகக் கேஸ்கெட்டில்தான் இருக்கும். வேலை முடிந்ததும் கார்டில் எழுதியதை ஒவ்வொன்றாக அடித்துவிடுவது என் வழக்கம். அந்த அப்சார்பர் வரியை மட்டும் இன்னும் அடிக்கவில்லை.