மேடு இல்லாத தீவில் என் மகள்

போன சனிக்கிழமை பின்னேரம், ஒன்ராறியோவின் மல்வேர்னில் ஒரு பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, என் ஒரே மகளைத் தண்ணீருக்குள் ஓடச் சொன்னேன்.

தெரியாமல்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன். ஐந்து நாளாகிறது. இந்த வாரம் வேறு எதையாவது எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

மகள் ஆரணிக்கு இருபத்துநாலு வயது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவள் கார் ஓட்டப் பழகிய கதையிலிருந்து எல்லாம் தெரியும். எலக்ரிக்கல் எஞ்சினியரிங் படித்தாள். சில மாதங்களுக்கு முன், இரவுச் சாப்பாட்டு மேசையில், நியூசிலாந்துக் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். சந்தோசப்பட்டோம். வேலை நியூசிலாந்தில் இல்லை, டோக்கெலாவ் என்ற இடத்தில் என்றாள்.

“அது எங்க கிடக்கு?” என்று இவர் கேட்டார். இவர் என் கணவர். பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் சூப்பர்வைசர்.

ஆரணி போனில் வரைபடத்தைத் திறந்து பெருப்பித்தாள். நீலம். இன்னும் பெருப்பித்தாள். இன்னும் நீலம். கடைசியில் மூன்று சிறிய வளையங்கள் — ஈரக் குவளையை மேசையில் வைத்தெடுத்த அடையாளம் மாதிரி. பவளப்பாறை வளையங்களாம். வளையத்தின் மேல் அங்கங்கே மெல்லிய நிலக்கீற்று. வெளியே பசிபிக் கடல். வளையத்துக்குள்ளே களப்பு, பாறைக்குள் அடங்கிய கடல்நீர். லகூன் என்றாள்.

மூன்று தீவுக்கும் சேர்த்து ஆயிரத்தைந்நூறு பேரளவில்தான் சனம். எங்கள் பக்கத்து மாடிக் கட்டடங்கள் இரண்டு மூன்றைச் சேர்த்தால் அவ்வளவு பேர் வந்துவிடுவார்கள். விமான நிலையம் கிடையாது. துறைமுகமும் கிடையாது. சமோவாவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் கப்பலில் போகவேண்டும். போனபிறகு கப்பல் கடலிலேயே நிற்கும். சின்னப் படகொன்று வந்து, பாறையில் உள்ள இடைவெளியால் ஆட்களைக் கரை சேர்க்கும்.

“எயார்போட் இல்லாத நாட்டுக்கு ஆர் பிள்ளையை அனுப்புறது?”

“நாடு இல்லை அப்பா, டெரிற்றரி. நியூசிலாந்துக்குக் கீழ இருக்கு. சனத்துக்கு நியூசிலாந்துப் பாஸ்போட்தான்.”

“கப்பிற்றல் எது?”

“இல்லை. தலைவர் பதவி வருசத்துக்கு ஒரு தீவுக்குப் போகும். தலைவர் எந்தத் தீவோ, அந்த வருசம் அதுதான் கப்பிற்றல்.”

“மூண்டு தீவுக்கும் சண்டை வராதோ?”

“வரக்கூடாதெண்டுதானே மாத்துறது.”

இவர் சோற்றைக் குழைப்பதை நிறுத்திவிட்டார். அவள் தொடர்ந்தாள். “தங்களைத் தாங்களே ஆளுறதோ எண்டு ரெண்டு தரம் வோட் வைச்சவை அப்பா. மூண்டில ரெண்டு பங்கு வேணும். ரெண்டு தரமும் கொஞ்சம் குறைஞ்சு போச்சு. அப்பிடியே இருக்கினம்.”

“ரெண்டு தரமோ கேட்டவங்கள்?” என்றார் இவர். “எங்கட சனத்தை ஒருத்தரும் ஒருக்காக்கூடக் கேக்கேல்லை.”

அதோடு அவர் சம்மதித்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது. கேட்டுச் செய்கிற ஊர்மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “கடலைவிட எவ்வளவு உயரம்?”

“நல்லா உயர்ந்த இடத்தில... ஒரு வீட்டுக் கூரை அளவு வரும், அம்மா.”

ஏன் அதைக் கேட்டேன் என்று அவளுக்குத் தெரியும். 2004 மார்கழியில், சமாதான காலம் என்று நம்பி ஊருக்குப் போயிருந்தோம். முல்லைத்தீவில் இவருடைய அக்கா வீட்டில் நின்றோம். ஆரணிக்கு மூன்று வயது. சுனாமியன்று கடலின் சத்தம் கேட்டதும் அவளை இடுப்பில் போட்டுக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் நானும் பிள்ளையும் இருக்கிறோம்.

அதை ஒரு பாடமாகவே அவளுக்குச் சொல்லி வளர்த்தேன். தண்ணீர் வந்தால் கடலுக்கு முதுகைக் காட்டு, ஓடு, நிற்காதே. ஒன்ராறியோ ஏரிக்கரையில் சான்ட்விச் சாப்பிடும்போதுகூடச் சொல்லியிருக்கிறேன். “அம்மா, இட்ஸ் எ லேக்” என்பாள்.

கார்த்திகையில் போனாள். அந்தத் தீவுகளில் வெளிச்சம் எல்லாம் அநேகமாகச் சூரியனிலிருந்துதான். பழைய பற்றரிகளை மாற்றிப் பூட்டுவது அவளுடைய வேலை. ஊர்ப் பெரியவர்களின் சபை சம்மதித்தால்தான் வெளியாள் கால் வைக்கலாம். சபை அவளுக்கு அனுமதி கொடுத்து, மாலியா என்ற பெண்ணின் வீட்டில் தங்கவிட்டது. மாலியாவுக்கு என் வயதிருக்கும். 

முதல் கிழமையே ஆரணி ஒரு வீடியோ அனுப்பினாள். கரையில் வரிசையாக மீன். ஊருக்காகப் பிடித்ததை விற்க மாட்டார்களாம். வீட்டுக்கு வீடு, தலைக்குத் தலை எண்ணிப் பங்கு வைப்பார்கள். பிடிக்கப் போனவருக்கும் போகாதவருக்கும், படுக்கையில் கிடப்பவருக்கும் பங்குண்டு. “என்னையும் எண்ணிப்போட்டினம் அம்மா. மாலியா வீட்டில நான் ஏழாவது ஆள்.” அரசாங்கத்துக்கு வருமானம், வெளிநாட்டுக் கப்பல்கள் சூரை மீன் பிடிக்கக் கட்டும் அனுமதிப் பணமும், நியூசிலாந்து கொடுப்பதும். சனத்தின் சாப்பாடு இப்படி. யார் வீட்டில் எத்தனை பேர் என்று அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பின்னேரம் நாலு மணி. அங்கே ஞாயிறு காலை பத்து. மரக்கறிப் பைகளைக் காரில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அலறியது. சுனாமி எச்சரிக்கைகளுக்கென்று ஒரு ஆப் போட்டு வைத்திருக்கிறேன் — என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. பசிபிக்குக்கு அடியில் எங்கோ நிலம் குலுங்கியிருக்கிறது. எச்சரிக்கைப் பட்டியலில் டோக்கெலாவின் பெயரும் இருந்தது.

அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். ஐந்தாவது முறை எடுத்தாள். பின்னால் யாரோ இரும்பில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய காஸ் சிலிண்டர்தான் அங்கே மணி என்று முன்பு சொல்லியிருக்கிறாள்.

“எங்க நிக்கிறாய்?”

“ஸ்கூலுக்குப் பக்கத்தில. வார்னிங் வந்திட்டுது, ஐ நோ. எல்லாரும் மேல்மாடிக்கு ஏறுகினம்.”

“நீ ஏன் கீழ நிக்கிறாய்?”

“மேல ஒரே சத்தம். நீங்கள் சொல்லுறது கேக்காது.”

அந்தப் பதில் அப்போது என் காதில் ஏறவில்லை. ஏறியிருக்கவேண்டும்.

“பள்ளிக்கூடத்தை நம்பாதை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடு.”

“எந்தக் கடலுக்கு, அம்மா?”

“என்ன, எந்தக் கடல்?”

“எனக்கு முன்னாலயும் தண்ணி, பின்னாலயும் தண்ணி. நீங்கள் சொல்லுறபடி ஓடினா ரெண்டு நிமிசத்தில லகூனுக்குள்ள நிப்பன்.”

“அப்ப மேடாப் பாத்து ஓடு.”

“மேடு இல்லை.”

“தென்னையில ஏறு. போட் ஒண்டும் இல்லையோ? ஏதாவது ஒரு போட்டில ஏறு.”

“அம்மா, பிளீஸ். லிசின்...”

நான் கேட்கவில்லை. கத்தினேன். சாமான் வண்டில் தள்ளிக்கொண்டு போன ஒரு தம்பி நின்று, “அக்கா, ஏதும் பிரச்சினையோ?” என்று கேட்டார். கையால் போகச் சொன்னேன். எவ்வளவு நேரம் கத்தினேன்? பிறகு போனில் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

நடுவில் இன்னொரு பெண் குரல் கேட்டது. மூச்சு வாங்கும் குரல். போன் கை மாறியது. அமைதியான ஆங்கிலம்.

“ஆரணியின் அம்மாவா? நான் மாலியா. மேலே ஆட்களை எண்ணுகிறோம். ஒரு ஆள் குறைகிறது. அந்த ஆளை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.”

போன் துண்டிக்கப்பட்டது.

இவருக்குப் போன் அடித்தேன். சொன்னேன்.

“ஆர் போனை வைச்சது?”

“அந்த மாலியா.”

“நல்லது,” என்றார். “நீர் திருப்பி அடிக்காதையும்.”

நான் இரண்டு முறை அடித்தேன். உங்களிடம் மறைத்து என்ன? எடுக்கவில்லை.

காருக்குள் ஏறி இருந்தேன். கண்ணாடியில் பனி விழுந்து விழுந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போயிற்று. ஐம்பத்திரண்டு நிமிடம். அந்த நேரத்தில் நான் யோசித்தது ஆரணியைப் பற்றி மட்டுமல்ல. மச்சாளை, இவருடைய அக்காவைப் பற்றி.

இருபது வருடமாக நான் ஓடிய கதையை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று காலை இவர் வெளியே போயிருந்தார். வீட்டில் நானும், பிள்ளையும், இவருடைய அக்காவும். நான் ஓடும்போது மச்சாள் பின்னால் வருகிறா என்று நினைத்தேன். பின்னேரம், சனம் நிறைந்த ஒரு மண்டபத்தில் இவர் எங்களைக் கண்டுபிடித்து, “அக்கா எங்க?” என்று கேட்டார். அப்போதுதான் ஒரு ஆள் குறைகிறது என்பது எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் நான் எண்ணவே இல்லை.

அன்று ஓடாமல் நின்றிருக்கவேண்டும் என்று சொல்லவரவில்லை. நின்றிருந்தால் மச்சாளோடு சேர்ந்து மூன்று பேரும் போயிருப்போம். ஆனால் ஒரு கரையில், ஒரு காலையில், எனக்கு உயிர் தந்த ஓட்டத்தை உலகத்துக் கடல்களுக்கெல்லாம் பொருந்தும் என்று எப்படி நினைத்தேன்?

ஐந்து மணிக்குப் பிறகு ஆரணியின் செய்தி வந்தது. ‘ஆல் கிளியர். தண்ணி கொஞ்சம் ஏறி இறங்கினது. ஐ ஆம் ஓகே.’

அவ்வளவுதான். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

அடுத்த நாள் வீடியோவில் கதைத்தோம். அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாறை விளிம்பு தாண்டியதும் கடல் திடீரென்று மிக ஆழமாகிவிடுமாம். எங்கள் கரை மாதிரி மெல்ல மெல்லச் சரியாது. அதனால் அலை குவிந்து எழும்புவது குறைவு என்றாள். வருடம் வருடமாக மெதுவாக ஏறும் கடல்தான் அவர்களுடைய பெரிய பயமாம்.

“ஆனா அம்மா, நேத்து சின்ன அலைதானெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பெரிசா வருமெண்டுதான் எல்லாரும் நினைச்சவை. மாலியா என்னைத் தேடிக் கீழ இறங்கேக்க அவவின்ர ரெண்டு சின்னப் பிள்ளையளும் மேல அழுதுகொண்டு நிண்டதுகள். ஏழு பேரில ஓராள் இல்லையெண்டா அவதான் இறங்கவேணும். அதுதான் அங்கத்தை முறை.”

அதாவது, என் மகளைக் காப்பாற்ற நான் எடுத்த அழைப்பு, மேலே அழுதுகொண்டு நின்ற இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாயைக் கடற்கரைக்கு இறக்கியிருக்கிறது.

மாலியாவைக் கூப்பிடச் சொன்னேன். வந்தா. தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தா. என்னுடைய ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து என்னைக் கைவிட்டது. “சொறி” என்றேன். மறுபடியும் “சொறி” என்றேன்.

மாலியா சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தன் மூத்த மகள் ஓக்லாந்தில் இருக்கிறாள் என்றா. தங்கள் சனத்தில் பெரும்பகுதி இப்போது நியூசிலாந்தில்தானாம். அந்த நகரத்தில் மழை வெள்ளம் வந்தபோது மகளுக்கு இருபது தடவை அடித்தாவாம். மகள் தண்ணீருக்குள் நின்றுகொண்டு போனை எடுத்து, “அம்மா, என்னை நடக்க விடு” என்று கத்தினாளாம்.

“அங்கே அவளை எண்ணுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் அடித்தேன்,” என்றா. பிறகு என்னை நேராகப் பார்த்தா. “உங்கள் மகளை எண்ண இங்கே நான் இருக்கிறேன்.”

பக்கத்தில் இருந்த இவர்தான் குனிந்து, “தாங்க் யூ, சிஸ்டர்” என்றார். அவர் தன் அக்காவை நினைத்திருப்பார். நான் கேட்கவில்லை.

ஆரணியின் ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம். திரும்பி வா என்று சொல்லவில்லை. இனி எச்சரிக்கை வந்தால், அங்கே எண்ணி முடியும்வரை போனைத் தொடமாட்டேன் என்று மாலியாவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பி வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆரணிக்கு இன்னும் சொல்லவில்லை — நம்பமாட்டாள்.