எக்ஸ்ரேயில் தெரியாத வலி

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, என்னைக் கட்டிப் போட்டார்கள்.

பயப்படாதீர்கள். தாம்பரத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில்தான். இடுப்பில் பெல்ட், அதிலிருந்து கால்மாட்டுக்குப் போகும் கயிறு, கயிற்றின் நுனியில் தொங்கும் இரும்பு எடை. டிராக்‌ஷன் என்கிறார்கள். இருபது நிமிஷம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும்.

பல் தேய்க்கும்போதுகூட வீடு முழுக்க நடக்கிற ஆள் நான். என்னைப் போய்...

ஆறு மாதமாக இடுப்பு வலி. தைலம், மாத்திரை, தரையில் படுக்கை — எதற்கும் கேட்கவில்லை. போன மாதம் ஆபீஸில், கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. வலி இடது தொடை வழியாகக் குதிகால் வரை இறங்கியது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறதாம்.

"அப்புறம் ஏன் டாக்டர் இப்படி வலிக்குது?"

"டிஸ்க் பிதுங்கியிருக்கு சார். அது எக்ஸ்ரேல தெரியாது. தெரியற ஸ்கேனுக்கு மெட்ராஸ்ல நாலு இடம் அலையணும். காலைத் தூக்கிப் பார்த்தே எனக்குப் புரிஞ்சிடுச்சு."

ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். "இப்போதைக்குத் தேவையே இல்லை. டிராக்‌ஷன், சூடு ஒத்தடம், எக்சர்சைஸ் — ஆறு வாரம் ஒழுங்கா பண்ணுங்க. பெரும்பாலானவங்களுக்கு இதுலயே சரியாயிடும்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'எக்ஸ்ரேல தெரியாது' என்று அவர் சொன்னது எங்கேயோ உறுத்தியது. எங்கே என்பது அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

கயிற்றைக் கட்டி முடித்ததும் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"இன்னா சார், நீங்களுமா?"

கழுத்தை மட்டும் திருப்பினேன். ஏழுமலை. அவர் இடுப்பிலும் பெல்ட்.

மணிமங்கலத்துக்காரர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கள் ஃபேக்டரியில் பிரஸ் ஷாப்பில் வேலை. ஷிஃப்ட் முழுக்கக் குனிந்து இரும்புத் தகடுகளை எடுத்து மெஷினில் வைக்க வேண்டும். நான் அங்கே பர்சனல் ஆபீசர்; லீவு, வேலை மாற்றம் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஏழுமலை ஒரு லெட்டர் கொடுத்திருந்தார். இடுப்பு வலி தாங்கவில்லை, குனியாத வேலை ஏதாவது கொடுங்கள் என்று. கூடவே எக்ஸ்ரே ரிப்போர்ட். லீவுக்கு அடிபோடுகிறார் என்று முடிவு கட்டினேன். லெட்டரின் ஓரத்தில் எழுதினேன்: 'எக்ஸ்ரே நார்மல். வேலை மாற்றம் தேவையில்லை.'

எழுந்து போய்விடலாமா? கயிறு கட்டியிருக்கிறதே. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. என் கால் தானாக ஆட, எடை கட்டிலில் இடித்தது.

"சார், ஆடாதீங்க. ஆடினா பண்றதே வேஸ்ட்" என்றார் பிசியோதெரபிஸ்ட் அம்மாள்.

ஏதாவது பேச வேண்டுமே. "எத்தனை நாளா வர்றேப்பா?"

"மூணு வாரம் ஆவுது சார். காலு மரத்துப் பூடுச்சு. செருப்பு கயண்டு வுழுந்தது கூட தெரியல. அப்பால பயந்துகினு வந்தேன்."

மேலே ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன். "ஏழுமலை... அந்த லெட்டர்ல வேண்டாம்னு எழுதினது நான்தான்."

"தெரியும் சார். உங்க கையெழுத்துதானே கீது."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"ஏன் என்கிட்ட வந்து கேக்கலை?"

"இன்னான்னு கேக்கறது? நோவுதுன்னேன். நோவலன்னு எழுதிட்டீங்க. அதுக்கு மேல காட்றதுக்கு எங்கிட்ட இன்னா சார் கீது?"

மிச்ச நிமிஷங்களைக் கடிகாரத்தில் எண்ணி முடித்தேன்.

திங்கட்கிழமை புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போனேன். ஏழுமலையை, குனிய வேண்டியிராத செக்கிங் டேபிளுக்கு மாற்ற வேண்டும் என்றேன். ஃபைலைப் புரட்டினார்.

"எக்ஸ்ரே நார்மல்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். எழுதறப்போ என் இடுப்பு நல்லா இருந்தது."

அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தனுக்குக் கொடுத்தா நாளைக்கு லைன்ல பாதிப் பேர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பான்."

"வரட்டும் சார். நிஜமாவே வலிக்குதோ என்னவோ."

அரை மணி நேரம் வாதாடினேன், நின்றபடியே. உட்கார்ந்தால்தான் உயிர் போகிறதே. கடைசியில் மூன்று மாதத்துக்கு என்று கையெழுத்துப் போட்டார்.

யோசித்துப் பாருங்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. வலிக்கு? வலிக்கிறவர் வாயைத் தவிர வேறு கருவி கிடையாது. அந்த வாய் யாருடையது என்று பார்த்துத்தானே நாம் நம்புகிறோம், அல்லது நம்பாமல் விடுகிறோம்?

ஏழுமலையின் கால் விரல்களில் உணர்ச்சி மெல்லத் திரும்புகிறது. கிளினிக்கில் என்னோடு பேசுகிறார் — குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் எக்சர்சைஸை நான் தப்பாகச் செய்கிறேன் என்று நேற்றுக்கூடச் சொன்னார். ஃபேக்டரி கேட்டில் பார்த்தால் மட்டும் பேசுவதில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

இடுப்புக்கு ஆறு வாரம் என்றார் டாக்டர். இதற்கு எத்தனை வாரம் என்று யாரிடம் கேட்பது?