உப்பங்கழி மாளிகையின் இரண்டாம் பாகம்

லோகநாயகி டீச்சர் யாருக்கும் எந்தப் புத்தகத்தையும் "நல்லா இருக்கும், படி" என்று சொல்லிக் கொடுத்ததில்லை. "இது உனக்கு வேணாம்" என்றுதான் ஆரம்பிப்பார். "வேணாம்மா. உங்க வீட்டுக் கிணறு கொல்லைப் பக்கம்தானே? இந்தக் கதையிலேயும் ஒரு கிணறு வருது. அப்புறம் காலையில தண்ணி சேந்தப் போறப்ப என்னைத் திட்டுவே." அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவள் பிடுங்காத குறையாக அதை வாங்கிக்கொண்டு போவாள்.

மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போய்வந்த ரவிச்சந்திரனிடம் ஒரு கொலைக் கதையைக் கொடுத்தபோது, இதை ரயிலில் மட்டும் பிரிக்காதே என்று எச்சரித்தார். அவன் ரயிலில்தான் பிரித்தான். தாம்பரத்தில் இறங்க வேண்டியவன் கடற்கரை நிலையம்வரை போய்விட்டு, அன்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தான். மறுநாள் அதே எழுத்தாளரின் வேறு கதை இருக்கிறதா என்று கேட்டு வந்து நின்றான்.

லோகநாயகி நெரும்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, செங்கல்பட்டில் படித்து, 1978-இல் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக வந்தவர். கணக்குப் புத்தகத்தின் கடைசியில் விடைகள் அச்சிட்டிருக்கும் பக்கங்களை, வகுப்புத் தொடங்கும் முதல் நாளே மாணவிகளை வைத்து நூலால் தைத்து மூடச் சொல்லிவிடுவார். கதை விஷயத்திலும் அவருக்கு அதே கொள்கைதான். முடிவை யார் கேட்டாலும் சொல்லமாட்டார். காய்ச்சலில் கிடந்த தங்கையே கேட்டும் சொன்னதில்லை.

கணவர் ஜெகதீசன் கடற்கரையோர அணு ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியன். கதை படிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் வாரப் பத்திரிகைகளில் வந்த மர்மத் தொடர்களையும் பேய் மாளிகைத் தொடர்களையும் மனைவி கத்தரித்துச் சேர்த்துக் கொடுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைத் தைத்து பைண்டு செய்வது அவர்தான். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. பூச்சி அண்டாது. காலண்டர் அட்டை, மேலே பழைய வேட்டித் துணி. நீளமான தொடர் ஒரே தையலில் நிற்காது என்பதால் இரண்டு பாகமாகத்தான் கட்டுவார். எங்கே வெட்டுவது என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். அவர் சரிபாதியில் வெட்டப் போவார். லோகநாயகி விடமாட்டார். கதையில் மூச்சு நிற்கும் இடம் எதுவோ அங்கேதான் முதல் பாகம் முடிய வேண்டும். அதனால் ஒரு பாகம் விசிறிபோல மெலிந்தும் மறு பாகம் செங்கல்போலத் தடித்தும் இருக்கும். அலமாரியில் நிறுத்தினால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது என்று ஜெகதீசன் ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார்.

அந்த அலமாரி சங்கு தீர்த்தக் குளத்துக்கு எதிர்ச்சாரியில், அடிவாரம் வாசகர் மன்றத்தில் இருந்தது. மன்றம் ஊர்க்காரர்கள் சந்தா போட்டு நடத்தியது. மற்ற பீரோக்களில் என்ன இருந்ததென்று பலருக்குத் தெரியாது. லோகநாயகி கொண்டுவந்து நிரப்பிய இரண்டு பீரோக்களை மட்டும் சாயங்காலத்தில் நெருங்க முடியாது.

1997 ஜனவரியில் மன்றத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். பெயர் சுப்புராமன். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கை சுத்தம், பேச்சு கறார். மன்றத்தின் ஓட்டுக்கூரையைச் சொந்தச் செலவில் மாற்றிக் கொடுத்தவர் அவர்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு பீரோக்களைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்துக்கொண்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகம் தர ஒருவர் முன்வந்திருக்கிறார், வைக்க இடமில்லை, இங்கே பேயும் பிணமும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்றார். மார்ச் மாதப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு அவற்றை அப்புறப்படுத்துவது என்று முடிவு கட்டிக்கொண்டார்.

நியாயமானவர் என்பதால் ஒரு காரியம் செய்தார். பொதுக்குழுவுக்கு முந்தைய திங்கட்கிழமை டீச்சரையே தேடி வந்தார்.

"உங்க சரக்குலேயே உசத்தியா ஒண்ணு எடுத்துக் குடுங்க, டீச்சர். அதிலிருந்து நாலு பக்கம் கூட்டத்துல நானே படிச்சுக் காட்டப் போறேன். மோசமானதா பார்த்துப் பொறுக்கினார்னு அப்புறம் ஒருத்தரும் சொல்லக்கூடாது."

லோகநாயகி பீரோவின் முன்னால் நின்றார். ஊரில் எத்தனையோ பேருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். தவறினால் ஒருத்தி கொட்டாவி விடுவாள், அதோடு சரி. இந்த ஒன்று தவறினால் இரண்டு பீரோவும் போய்விடும். கிணற்றுக் கதை வேண்டாம், பில்லிசூனியமும் வேண்டாம், இந்த மனிதர் சிரித்துவிடுவார். விரல் ஒவ்வொரு முதுகாகத் தடவிக்கொண்டே போய், கடைசியில் 'உப்பங்கழி மாளிகை' முதல் பாகத்தில் நின்றது. ஏதோ ஒரு பத்திரிகையில் எப்போதோ வந்த தொடர். எழுதியவர் பெயர் இருந்த ஏட்டை பைண்டு செய்யுமுன்பே கரையான் தின்றிருந்தது.

"இது உங்களுக்கு வேணாம் சார்," என்றார்.

"ஏன்?"

"இதுல ஒரு சர்வேயர் வர்றாரு. கொக்கிலமேட்டுக்குத் தெற்கே உப்பங்கழி ஓரமா ஒரு பழைய மாளிகையை அளக்கிறாரு. அளவு ஒத்துவரலை."

"சர்வேயர் அளந்தா எப்படி ஒத்துவராமப் போகும்?"

"அதான் சொன்னேனே, வேணாம்னு."

சுப்புராமன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிவப்புப் பென்சிலைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து லோகநாயகிக்குச் செங்கல்பட்டில் பொதுத்தேர்வு மேற்பார்வை வேலை. வெள்ளிக்கிழமை மாலைவரை மன்றத்துப் பக்கம் வர முடியவில்லை.

வியாழக்கிழமை ஒரு டெம்போ வந்து நின்றது. தருவதாகச் சொன்னவர் சொன்னதைவிட முன்னதாகவே தேர்வுப் புத்தகங்களை அனுப்பிவிட்டார். இறக்கி வைக்க இடமில்லை. தீர்மானம் எப்படியும் நிறைவேறத்தான் போகிறது என்ற தைரியத்தில், சுப்புராமன் இரண்டு பீரோக்களையும் காலி செய்து, திரும்பிப் போகிற அதே டெம்போவில் ஏற்றி, செங்கல்பட்டில் அருணகிரியின் பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு அனுப்பிவிட்டார். தான் கொண்டுபோன புத்தகத்தை அதுவரை அவர் பிரிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை லோகநாயகி மன்றத்துக்குள் நுழைந்தபோது அவருடைய பீரோக்களிலிருந்து புது மை வாசனை வந்தது. கைப்பிடியைப் பிடித்துத் திறந்து பார்த்தார். எல்லாம் செங்கல்பட்டுக்கு எடைக்குப் போய்விட்டதை அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் சொன்னான். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜெகதீசன் பசைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்த பிறகுதான் பேசினார்.

"அந்த முதல் பாகம் அவர்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"படிச்சிருப்பாரா?"

"தெரியலைங்க."

"படிச்சிருந்தா வருவாரு. நீ வெட்டின இடம் அப்படி."

சனிக்கிழமை பகல் உணவு வேளைக்கு முன்பே சுப்புராமன் டீச்சர் வீட்டுக்கு வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. பின்னாலேயே அவர் மனைவி அமிர்தவல்லி, முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு.

"என்னன்னு கேளுங்க டீச்சர்," என்றார் அமிர்தவல்லி. "நேத்து மத்தியானம் சாப்பிட்டதும் பென்சிலை எடுத்துக்கிட்டு உக்காந்தாரு. காப்பி ஆறிப்போச்சு. பென்சில் கீழே கிடக்குது. இன்னிக்குக் காலையில எழுந்ததும் டேப்பை எடுத்து எங்க வூட்டை உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை அளக்கிறாரு. நைனா கட்டின வூடுய்யா, எங்கியும் போகாதுன்னு சொல்றேன், காதுலயே வாங்கலை."

"ஒன்பது அங்குலம் உதைக்குது," என்றார் சுப்புராமன், யாரையும் பார்க்காமல்.

"அது சுவத்துப் பூச்சுய்யா," என்றார் அமிர்தவல்லி.

கதையில் வரும் சர்வேயருக்கு உதைத்தது பதினோரு அடி. மாளிகையின் வெளிச்சுவர் நீளத்துக்கும் உள்ளே அறைகளின் கூட்டுத்தொகைக்கும் இடையில் பதினோரு அடி எங்கோ காணாமல் போயிருந்தது. கதவில்லாத ஓர் அறை அங்கே இருந்தாக வேண்டும். அவர் சுவரைத் தட்டிக்கொண்டே போகிறார். ஓரிடத்தில் மூன்று முறை தட்டுகிறார். உள்ளேயிருந்து யாரோ திருப்பி மூன்று முறை தட்டுகிறார்கள். அங்கே முதல் பாகம் முடிந்துவிடுகிறது.

சுப்புராமன் தான் செய்தது அவசரம் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, உள்ளே இருந்தது யார் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்றார்.

லோகநாயகிக்கு அந்த நிமிஷம் வயிற்றெரிச்சலும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "முடிவு சொல்ற வழக்கம் எனக்குக் கிடையாது சார்," என்றார். "ரெண்டாம் பாகம் நீங்க எடைக்குப் போட்ட மூட்டையில இருக்கு. வாங்க, போய்த் தேடுவோம்."

அரை மணி நேர பஸ் பயணம். சுப்புராமன் முதல் பாகத்தைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமையென்றால் பழைய காகிதமெல்லாம் லாரி ஏறிவிடும் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதும் அவருக்கு வேர்த்துவிட்டது. லோகநாயகியும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இருபது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மூட்டைகளில் இருந்தன.

அருணகிரியின் கடையில் லாரியும் இல்லை, எடை போடும் சத்தமும் இல்லை. காகிதக் கவர் ஒட்டுகிற பெண்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அருணகிரியின் மனைவி செங்கம்மாள். ஒருத்தி கையிலும் பசை இல்லை. அருணகிரி மூட்டைமேல் சாய்ந்து, வேட்டித் துணி போர்த்திய தடித்த புத்தகம் ஒன்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியை லோகநாயகி வாசலிலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார்.

சுப்புராமன் ஒரே எட்டில் உள்ளே போய்க் கையை நீட்டினார். அருணகிரி புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இன்னா சார், பேஜாரு பண்றே. ரெண்டு நாளா இத வெச்சிகினு மண்டைய ஒடச்சிகினு கீறோம். லாரிய கூட திருப்பி அனுப்பிட்டேன். அந்தாளு இன்னாத்துக்குக் கடப்பாறை எடுத்துகினு செவுத்தாண்ட போறான், ஒண்ணும் புரியல. அப்பால உள்ள இருந்து ஒரு பொம்பள..."

"சொல்லாதய்யா," என்று சுப்புராமன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "மேலே ஒரு வார்த்தை சொல்லாத."

செங்கம்மாள் அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்த மெலிந்த புத்தகத்தைக் கவனித்துவிட்டார். "யோவ், முன்பாகம் இவராண்ட கீதுய்யா," என்றார்.

அதற்குப் பிறகு பேரம். பணத்தைக் கையில் தொட அருணகிரி மறுத்துவிட்டார். முன்பாகம் இந்தக் கைக்கு வந்தால்தான் பின்பாகம் அந்தக் கைக்குப் போகும் என்றார். சுப்புராமனோ அது மன்றத்துப் புத்தகம், வெளியாளுக்குத் தர விதி இல்லை என்றார். சொன்ன பிறகுதான் தான் எங்கே நின்றுகொண்டு விதி பேசுகிறோம் என்பது அவருக்கே உறைத்தது. எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

லோகநாயகி ஒரு காகிதக்கட்டை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். கூட்டத்துல நாலு பக்கம் படிச்சுக் காட்டறேன்னு சொன்னீங்களே. இங்கே படிங்க."

அவர் படித்தார். முதலில் கிராம நிர்வாக அலுவலருக்கு நோட்டீஸ் வாசிப்பது போலத்தான் படித்தார். மாளிகையின் அளவுகள் வந்ததும் குரல் மாறியது. வெளிச்சுவர் இவ்வளவு, கூடம் இவ்வளவு, கிழக்கு அறை இவ்வளவு என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, செங்கம்மாள் விரல்விட்டுக் கூட்டிக்கொண்டே வந்தார். தெருவில் போன ஓர் ஐஸ்காரர் பெட்டியோடு வாசலில் நின்றுவிட்டார். கடைசிப் பக்கம் வந்தது. சுப்புராமன் படிப்பதை நிறுத்தி, பக்கத்திலிருந்த தகரக் கதவை விரல் முட்டியால் மூன்று முறை தட்டினார். ஒருவரும் மூச்சு விடவில்லை. கதவின் மறுபக்கத்திலிருந்து ஐஸ்காரர் திருப்பி மூன்று முறை தட்டினார்.

பெண்கள் அலறிய அலறலில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். சுப்புராமனின் கண்ணாடி மூக்கிலிருந்து மடியில் விழுந்துவிட்டது. எடுத்து மாட்டிக்கொண்டு அவரும் சிரித்தார். லோகநாயகி அந்த மனிதர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அருணகிரி இரண்டாம் பாகத்தை மரியாதையாக இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "டீச்சரம்மா, இந்த ஒரு மூட்டையத் தவிர மத்தது எல்லாம் பிரிக்காம அப்படியே கீது. நானே வண்டியில போட்டுகினு வர்றேன். எனக்கும் எம் பொஞ்சாதிக்கும் ஒரு மெம்பரு கார்டு போட்டுக் குடு, அது போதும்."

ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவுக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். சண்டை பார்க்க வந்தவர்கள்தான் பாதி. சுப்புராமன் எழுந்து, இரண்டு பீரோ பற்றிய தீர்மானத்தைத் தானே திரும்பப் பெறுவதாகச் சொன்னார். யாரையும் கேட்காமல் அனுப்பியது தன் தவறு என்றார். தேர்வுப் புத்தகங்களுக்குத் தன் வீட்டிலிருந்து இரண்டு பீரோ வரும் என்றும் சொன்னார். பிறகு 'உப்பங்கழி மாளிகை'யின் இரண்டு பாகங்களையும் மேஜைமேல் நிறுத்தினார். ஒன்று விசிறி, ஒன்று செங்கல்.

"இதை யாரும் எடுக்க வேணாம்னு கேட்டுக்கிறேன்," என்றார். "முக்கியமா, சொந்த வீடு கட்டிக் குடியிருக்கிறவங்க எடுக்கவே வேணாம். அப்புறம் சுவத்தைப் பார்த்தா சந்தேகம் வரும்."

கூட்டம் முடியுமுன் அந்தப் புத்தகத்துக்குச் சண்டை வந்துவிட்டது. கடைசி வரிசையில் ஜெகதீசன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று மாலைதான் அவர் முதன்முதலாக, அப்படி உள்ளே யார்தான் இருந்தார்கள் என்று மனைவியிடம் கேட்டார். லோகநாயகி சொல்லவில்லை.

2006-இல் அவர் ஓய்வு பெற்றபோது இரண்டு பீரோ ஐந்தாகியிருந்தது. மாமல்லபுரத்துச் சாலையோரம் புதிதாக வந்த கணினி நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள்கூட சனி, ஞாயிறுகளில் தேடி வந்தார்கள். அருணகிரியின் கடைக்கு எங்கிருந்தாவது பழைய மர்மத் தொடர் வந்தால், தராசில் ஏறும் முன்பே மன்றத்துக்குத் தகவல் வந்துவிடும். அடுத்த ஞாயிறு பசை காய்ச்சும் நேரம் பார்த்து சுப்புராமன் வந்துவிடுவார். இந்தத் தடவை எங்கே வெட்டப்போகிறீர்கள் என்று கேட்பார். லோகநாயகி, தைத்துக் காய்ந்த முதல் பாகத்தைக் கையில் எடுத்து, தூசி தட்டி, அவரைப் பார்ப்பார்.

"இது உங்களுக்கு வேணாம் சார்."

சுப்புராமன் அதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருப்பார்.