மிஷின் இல்லாத ஷெட்ல விழுந்த அடி

பேய், ஆவின்னு எவனாவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளுங்க நான். கிடார் ஆம்ப்ல சத்தத்த முழுசா திருகி வச்சிக்கினு ராக் பாட்டு கத்தறவன், எனக்கு இன்னா பயம். நீங்க நம்ப மாட்டீங்க, பரவால்ல, கேட்டுட்டு சிரிங்க.

எங்க பேண்ட் உடைஞ்சி, டிரம்மரும் கோச்சிக்கினு போயி, தனியா ஆல்பம் போடறேன்னு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில ஒரு தகர ஷெட்ட வாடகைக்கு எடுத்தேன். முன்னாடி அங்க பவர் பிரஸ் வச்சி தகட்டுல வாஷர் அடிச்சிக்கினு இருந்தாங்க. மிஷின கழட்டி வித்தாச்சி, தரையில போல்ட்டுங்க மட்டும் நீட்டிக்கினு இருக்கும். மத்த பாட்டெல்லாம் முடிஞ்சிது, கடைசி பாட்டுக்கு மட்டும் எந்தத் தாளமும் ஒட்டல. அது முடியலன்னா கிடார வித்துட்டு கம்பெனி வேலைக்குப் போயிடறேன்னு நைனாகிட்ட வாக்கு வேற குடுத்துட்டேன்.

எங்க சந்துல பகல்ல காது கிழியும். மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்குன்னு கரண்ட்ட நிறுத்துவாங்க பாருங்க, அன்னிக்குத்தான் நிம்மதியா பாட முடியும். அப்படி ஒரு மத்தியானம், லேப்டாப் சார்ஜ நம்பி மைக்க போட்டு, தாளமே இல்லாம ஆரம்பிச்சேன். காலுக்குக் கீழ தரை அதிருது. மூணு அடி, ஒரு இடைவெளி, திரும்ப மூணு அடி. எவனோ ஜெனரேட்டர் போட்டு மிஷின் ஓட்டறான்னு நெனச்சி அதோடவே பாடிட்டேன், பாட்டும் அதுமேல அழகா உக்காந்துச்சி. வெளிய வந்து பாத்தா சந்துல எல்லா பட்டறையும் ஷட்டர் சாத்தியிருக்கு, ஒரு ஜெனரேட்டரும் ஓடல.

எதிர்ல செல்வி அக்கா டீக்கடை மட்டும் தொறந்திருந்துச்சி. அவங்க ஊட்டுக்காரர் என் ஷெட்டுல முன்னாடி இருந்த பட்டறையிலதான் பிரஸ் ஓட்டினவரு, நெஞ்சு வலியில போயிட்டாருன்னு கேள்விப்பட்டிருக்கேன், அவ்ளோதான் தெரியும். அந்தத் தாளம் நெஜமாவே பதிவாயிருக்கான்னு கடையிலயே போட்டுக் கேட்டேன். அக்கா டீ ஆத்தறத நிறுத்திட்டாங்க.

"தம்பி, இது எங்க ஊட்டுக்காரு பிரஸ் பெடல மிதிக்கற கால்டா. மூணு அடிச்சிட்டு தகட்ட தள்ளுவாரு, அப்புறம்தான் அடுத்தது. இங்க உக்காந்துக்கினே கேட்டுக்கினு இருப்பேன்."

அழல அவங்க. இன்னொரு தபா போடுன்னு மட்டும் கேட்டாங்க.

ஆல்பம் வந்துச்சி, எல்லாரும் அந்தப் பாட்டத்தான் கேக்கறாங்க, நைனாவும் கம்பெனி பேச்ச எடுக்கறதில்ல. அந்த மனுசன் முகத்த நான் பாத்ததேயில்ல, ஆனா இன்னிக்கு கிடாரோட நிக்கறது அவராலதான். ஷெட்ட தொறக்கும்போதெல்லாம் அந்த போல்ட்டுங்கள பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் உள்ள போறேன்.

ஒண்ணு மட்டும் இன்னிக்கும் வெளங்கலீங்க. ரெண்டாவது சரணத்துல வரி மறந்து நின்னுட்டேன். கேட்டுப் பாருங்க, அங்க அடியும் நிக்குது. நான் மூச்சு இழுத்து திரும்ப எடுக்கற வரைக்கும் காத்துக்கினு இருந்து, என் கூடவே சேந்து விழுது.