பதினொரு மணிச் சாது

ஒரு நவம்பர் காலையில் மெட்ரோவின் மூலை இருக்கையில் என் மனைவி ஒரு தேநீர்க் கோப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோப்பையைச் சோசரால் மூடி, இரண்டையும் சேர்த்து ஒரு சின்னத் துவாயால் கட்டியிருந்தோம். ரயில் குலுங்கும்போதெல்லாம் அவள் மூச்சை அடக்கினாள். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. கோப்பைக்குள் இருந்தது தேநீர் அல்ல, ஒரு தாயத்து. சரியாகச் சொன்னால், முதல்நாள் மாலைவரை தாயத்தாக இருந்து, பிறகு சாம்பல் நிறச் சேறாகிப்போன ஒன்று. அதைச் செய்து தந்த சாதுவிடமே கொண்டுபோய்க் காட்டி மன்னிப்புக் கேட்கப் போய்க்கொண்டிருந்தோம்.

சாது லாவோஸ் நாட்டுக்காரர். துறைமுகத்துக்கு அப்பால், நாங்கள் குடியேறிய இந்தக் கியூபெக் மாநிலப் பெருநகரத்தின் கிழக்குக் கரையில், இரண்டு மாடிச் செங்கல் வீடொன்றைத்தான் அந்த நாட்டுச் சனங்கள் விகாரையாக்கி வைத்திருந்தார்கள். துறைமுகத்துக் கிடங்கில் என்னோடு போர்க்லிப்ட் ஓட்டிய லாவோஸ்காரன்தான் அவரைப் பற்றி முதலில் சொன்னவன். சாப்பாட்டு நேரத்தில் அவன் வாயைத் திறந்தால் அற்புதம்தான். சாது கண்ணை மூடினால் தொலைந்த ஆளின் இடம் தெரியுமாம். சண்டைக் காலத்தில் பெரிய ஆற்றை உடுப்பு நனையாமல் கடந்து அகதி முகாமுக்குப் போனாராம். பின்னர் ஒருநாள் நான் அதைச் சாதுவிடமே கேட்டேன். "நனைஞ்சனான். நடுங்கினனான். மூண்டு கிழமை சளி பிடிச்சுக் கிடந்தனான்," என்றார். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது உடைந்த பிரெஞ்சுதான். ஆனால் நினைவில் அவரும் மற்ற லாவோஸ் ஆட்களும் எப்போதும் எங்கள் மன்னார்த் தமிழில்தான் கதைக்கிறார்கள். நான் என்ன செய்ய?

தாயத்து செய்வதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பிக்குகளின் மழைக்கால நோன்பு மூன்று மாதமும் புத்தருக்கு வைத்த பூக்களைக் காயவைத்து இடிப்பார். ஊதுபத்திச் சாம்பல், வெள்ளைக் களிமண், கொஞ்சம் தேன். பிசைந்து, பெருவிரல் நகத்தளவு அச்சில் அழுத்தி எடுப்பார். சூளையில் சுடுவதில்லை. நிழலில் காயவேண்டும். அதற்குப் பக்கத்தில் இருந்து அவர் ஓதும்போது, மழை தூரத்தில் வருவதுபோல இருக்கும். எத்தனை நாள் ஓதுவீர்கள் என்று கேட்டால், "அது காயிற மட்டும்" என்பார்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் லாவோஸ்காரன் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனான். கிடங்கில் ஒரு பெட்டி அடுக்குச் சரிந்து நான் மயிரிழையில் தப்பியிருந்தேன். எனக்கொரு காப்பு வேண்டும் என்பது அவன் பிடிவாதம். சாது என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் கூட்டுக்குள் போட்ட ஒரு சின்னத் தாயத்தை என் முன்னால் வைத்து, "இது உனக்கில்லை. வீட்டில இருக்கிறவவுக்கு," என்றார். எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. வயிற்றில் பிள்ளை இருப்பது இரண்டு கிழமை கழித்துத்தான் மனைவிக்கே தெரிந்தது. நான் இதற்கு விளக்கம் தேடியதில்லை. சிலவற்றைக் கண்ணாடிச் சன்னலில் படியும் மூச்சுப் புகைபோல விட்டுவிட வேண்டும்; துடைத்தால் ஒன்றும் மிஞ்சாது.

அதற்கு முன்னர் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. இரண்டுமே ஐந்தாம் மாதம் தாண்டவில்லை. அதனால்தான் அவள் அந்தத் தாயத்தை வாங்கிக் கழுத்தில் போட்டாள். லேசாகப் போடவில்லை. ஊரில், யுத்தத்தின்போது, பிக்குவின் காவி உடுப்பைத் தெருவில் கண்டாலே பயந்து மற்றக் கரைக்கு மாறி நடந்த காலம் எங்களுக்கு இருந்தது. "எங்கட ஆக்கள் கண்டால் என்ன சொல்லுவினம்?" என்று சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆனால் அதைப் போட்டபின் அவள் மாறினாள். நடந்தாள், சிரித்தாள், ஐந்தாம் மாதத்தையும் கடந்தாள்.

பிசகு மன்னாரிலிருந்து தொலைபேசியில் வந்தது. மாமிக்கு யாரோ செய்தி சொல்லிவிட்டார்கள். "பிக்குவின்ர சாமானைக் கழுத்தில கட்டிக்கொண்டோ நற்கருணை எடுக்கிறாய்?" என்று ஒரே சத்தம். மனைவியால் தாயின் சொல்லைத் தட்டவும் முடியவில்லை, தாயத்தைக் கழற்றவும் துணிவில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மலைமேலுள்ள பெரிய கத்தோலிக்கக் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் ஒரு போத்தலில் இருந்தது. தாயத்தைத் தீர்த்தத்தில் இட்டு ஒரு செபமாலை சொல்லிவிட்டால் அது மாதாவுக்கும் உரியதாகிவிடும் அல்லவா? தீர்த்தம் நன்றாகப் படட்டும் என்று பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து, தாயத்தை மட்டும் கோப்பைக்குள் போட்டாள். கண்ணை மூடிச் செபமாலை முழுவதையும் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது, தேத்தண்ணிக்குள் விழுந்த பிஸ்கோத்துப்போல அது கரைந்து போயிருந்தது.

ஊற்றவும் பயம், வைத்திருக்கவும் பயம். அதனால்தான் அந்த மெட்ரோப் பயணம்.

சாது துவாயை அவிழ்த்துப் பார்த்தார். மனைவி அழுதுகொண்டே நடந்ததைச் சொல்ல, நான் பிரெஞ்சாக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எத்தனை தரம் செபம் சொன்னவ?" என்றார். செபமாலைக் கணக்கை அவள் சொன்னாள், ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மரியே. சாது புருவத்தை உயர்த்தினார். "அந்தக் காசளவு துண்டுக்கு நான்கூட அவ்வளவு ஓதேல்லை." அவள் அழுகைக்குள் சிரித்துவிட்டாள். அவர் கோப்பையைச் சன்னலோரத்து மல்லிகைச் சாடியில் ஊற்றினார்.

"வேற ஒண்டு தாங்கோ" என்று அவள் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. இந்த வருடத்துப் பூ முடிந்துவிட்டது, அடுத்த மழைக்காலம் முடிந்தால்தான் அடுத்தது என்றார். அதற்குள் பிள்ளை பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால்... அந்த வசனத்தை நாங்கள் யாரும் முடிக்கவில்லை. புறப்படும்போது எங்கள் வீட்டு இலக்கத்தையும் எந்த பஸ் என்பதையும் மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்தவள் கட்டிலில் ஏறினாள், இறங்கவில்லை. அசைந்தால் பிள்ளை நழுவிவிடும் என்ற பயம். நடக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ இரண்டு பிஸ்கோத்தோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்குப் பின்னேர வேலை, காலையில் வீட்டில்தான். நான் வைத்த கஞ்சியைத் தொடவும் மாட்டாள். நான்கு நாள் இப்படிப் போயிற்று.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்குச் சற்று முன் மணி அடித்தது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த எங்கள் கட்டடத்து வாசலில், செம்மஞ்சள் கம்பளிக் காலுறைக்கு மேல் செருப்பு மாட்டிக்கொண்டு சாது நின்றார். நெஞ்சுக்கு நேரே கரிய பிச்சைப் பாத்திரம். வாருங்கள் என்றேன். வந்தார், நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. பதறிப்போய் லாவோஸ்காரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "வாய் திறந்து கேட்க மாட்டார். போட்டால் சாப்பிடுவார், போடாட்டில் போயிடுவார். பன்ரெண்டு மணி தாண்டினால் பேந்து அடுத்த நாள்தான் சாப்பாடு," என்றான்.

நான் பாண் பைக்கற்றைப் பிரித்து இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுத்தேன். அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இஞ்சேருங்கோ, பாணையோ போடப் போறியள்? அந்தக் குளிருக்குள்ளால வந்த மனிசனுக்கு?" சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் எழும்பி வந்தாள். சோறு வைத்தாள், பருப்பு வைத்தாள், முட்டை பொரித்தாள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவள் கை ஓடியதை நான் அன்று கண்டேன். பாத்திரத்தில் சோறு போட்டதும் அவர் தன் மொழியில் வாழ்த்து ஓதினார். அவள் சால்வைக்குள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அவர் சாப்பிட்டு முடித்தபின், மிச்சத்தை அவளும் சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். பனி கொட்டினாலும் வந்தார். கீழ்வீட்டுக் கியூபெக் மூதாட்டி அவருக்கு மொஸ்யு ஒறாஞ், செம்மஞ்சள் ஐயா, என்று பேர் வைத்து, கதவைத் திறந்துவிட ஆயத்தமாக நிற்பாள். மனைவி காலையில் எழும்பினாள், மரக்கறி வாங்கக் கடைக்கு நடந்தாள், "நாளைக்கு என்னப்பா வைக்கிறது?" என்று யோசித்தாள். அவள் கன்னம் மெல்ல நிரம்பி வந்தது.

தை மாதமளவில் லாவோஸ்காரன் கிடங்கில் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டான். "விகாரையில பொம்பிளையள் முறைக்கினம். காலமை பத்துச் சட்டிச் சாப்பாடு கொண்டுவந்து பாத்திரத்தில போடினம், அவர் ஒரு வாயும் தொடாமல் அதைச் சனத்துக்குக் குடுத்திட்டு பஸ் ஏறுறார். அப்பிடி உங்கட வீட்டில என்னதான் சமைக்கிறியள்?" வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று தெரிந்தால் அவள் மறுபடி கட்டிலில் ஏறிவிடுவாள் என்று பயந்தேன்.

பெப்ரவரியில் ஒரு பனிப்புயல் நாளில், விடியற்காலையில் வலி கண்டது. பத்தரைக்கு மகள் பிறந்தாள். அழுதாள், உரத்து அழுதாள். சாதுவின் நினைவு எனக்குப் பின்னேரம்தான் வந்தது. கீழ்வீட்டு மூதாட்டி சொன்னாள்: அவர் வழக்கம்போல வந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள் என்று இவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாளாம். உள்ளே வரச் சொல்லியும் வராமல் எங்கள் கதவுக்கு முன்னால் ஓதிக்கொண்டு நின்றாராம். பன்னிரண்டு மணிக்குப் பாத்திரத்தை மூடிக்கொண்டு, தலை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனாராம். அதன்பிறகு அவர் வரவில்லை. நாங்கள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விகாரைக்குப் போவோம்.

இந்த வசந்தத்தில் சாது காலமானார். அவர் பேரில் பிக்குகளுக்குச் சோறிடும் ஏழாம் நாள் தானத்துக்கு மூவரும் போனோம். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. விகாரைச் சமையலறையில் ஒரு முதிய பெண் மனைவியை அடையாளம் கண்டு, "எங்கட சாப்பாட்டை விட்டிட்டு உங்கட வீட்டுக்குத்தானே ஓடி வந்தவர்!" என்று சிரித்தாள். மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்," என்றாள் அவள். "பாத்திரம் கழுவேக்க அடியில விகாரை ஆக்கள் போட்ட ஒட்டுச் சோறு காய்ஞ்சு கிடந்தது. எங்கட சோறு அப்பிடி ஒட்டாது."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் அந்த மனிசனைப் பனிக்குள்ள வரவேண்டாம் எண்டிருப்பியள். எனக்கு அவர் வரவேணும்."

ஒரே சமையலறைக்குள் ஒரே விஷயத்தை ஒன்பது வருடமாக ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம்.

பதினொரு மணிக்குப் பிக்குகள் வரிசையாக வந்து நின்றார்கள். மகள் சோற்றுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒவ்வொரு கரண்டி போட்டாள். கடைசிப் பாத்திரம் சாதுவினுடையது. ஒரு மேசையில் தனியாக வைத்திருந்தார்கள். அதிலும் ஒரு கரண்டி போட்டுவிட்டு அவள் திரும்பினாள். மனைவி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னும் ஒண்டு போடு."

"புர்குவா, அம்மா?" ஏன் என்று பிரெஞ்சில் கேட்டாள் மகள்.

"நீ பிறந்த அண்டைக்கு அவர் சாப்பிடேல்லை, பிள்ளை. போடு."